வெண்ணாறு பிழையில்லாமல் வருமா? மெய்நிகர் கணினியில் ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட்: ஒரு திறனாய்வு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்து அச்சகங்கள் பலவற்றில் பேஜ்மேக்கருக்கு இன்னும் வேலை இருக்கிறது. அடோபி நிறுவனம் அதன் 7.0 பதிப்பை 2001-இல் வெளியிட்டது. அதற்குப் பின் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. அது வசதியாக இயங்கிய விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் திருமண அழைப்பிதழ் மாதிரிகள், குடமுழுக்கு மலர்கள், கூட்டுறவுச் சங்கப் படிவங்கள், உள்ளூர்ப் புலவர்களின் நூல்கள் என இருபது ஆண்டுக் கோப்புகள் அந்த மென்பொருளில்தான் கிடக்கின்றன. அவற்றில் உள்ள எழுத்துருக்கள் யூனிகோடு அறியாதவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திச் செய்யப்பட்டவை.

பழைய கணினி படுத்துவிட்டால் கடைக்காரருக்கு எளிய வழி, புதிய கணினிக்குள் மென்பொருளால் இன்னொரு கணினியை உருவாக்கி, அதில் எக்ஸ்பியையும் பேஜ்மேக்கரையும் நிறுவிக்கொள்வது. இதைத்தான் மெய்நிகர் கணினி என்கிறோம். எந்த மெய்நிகர் மென்பொருள் நல்லது என்று கேட்டால் வேகம், நினைவகம், விலை என்றுதான் பேச்சு போகும். இருபது ஆண்டு பழைய மென்பொருளுக்கு இன்றைய கணினி எதுவானாலும் வேகம் போதும். நாள் முழுதும் தட்டச்சு செய்கிறவருக்குப் பொருட்டான கேள்வி வேறு. ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய மாற்றி விசைகளை அந்த மென்பொருள் ஒழுங்காக உள்ளே கொண்டுசேர்க்கிறதா? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

விசை உள்ளே போகும் விதம்

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணை அனுப்புகிறது. பழைய பிசி மரபின்படி இடது ஷிஃப்டை அழுத்தினால் 42, விட்டால் 170. வலது ஷிஃப்டுக்கு 54, 182. பெரும்பாலான விசைகளுக்கு அழுத்தும்போது ஓர் எண், விடும்போது அதோடு 128 கூடிய எண். ஷிஃப்ட் ‘அழுந்தியிருக்கிறது’ என்பது கணினியின் நினைவில் உள்ள நிலை மட்டுமே. 42 வந்து 170 வராமல் போனால், விரலை எடுத்த பிறகும் கணினியைப் பொறுத்தவரை ஷிஃப்ட் அழுந்தியே இருக்கும். மடையைத் திறந்தவனே மூடவும் வேண்டும் என்பதுபோல, அழுத்தலைப் பெற்ற கணினியே விடுதலையும் பெற்றாக வேண்டும்.

ஒரே கணினி இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டானதும் சிக்கல் தொடங்குகிறது. ஆல்ட்-டேப் அழுத்தி வெளிக் கணினியின் சாளரத்துக்குத் தாவும்போது ஆல்ட் அழுந்திய செய்தி உள்ளே போயிருக்கும், விட்ட செய்தி வெளியே போய்விடும். திரும்பி வந்து ஒரு எழுத்தைத் தட்டினால் எழுத்துக்குப் பதில் மெனு திறக்கும். ‘விசை ஒட்டிக்கொண்டது’ என்று தட்டச்சர்கள் சொல்வது இதைத்தான். ஷிஃப்டை அழுத்தியபடியே மெய்நிகர் சாளரத்தில் சொடுக்கினால் நடப்பது இதன் மறுபக்கம். சாளரம் விசைப்பலகையைக் கைப்பற்றுவதற்கு முன்பே ஷிஃப்ட் வெளியே வரவு வைக்கப்பட்டுவிடும். உள்ளே போவது ஷிஃப்ட் இல்லாத எழுத்து. இதை ‘விசை தொலைந்தது’ எனலாம்.

எழுத்து போகாமல் எண் மட்டும் போவதால் வரும் விளைவு ஒன்றும் உண்டு. வெளிக் கணினியில் தமிழ் எழுதுகருவியை இயக்கி வைத்துக்கொண்டு உள் கணினியில் தமிழ் எழுத முயல்வது வீண். அந்தக் கருவி தட்டிய விசையை விழுங்கி, தமிழ் எழுத்தை ஆயத்தமாகச் செய்து நீட்டக்கூடும். எண்ணை எதிர்பார்த்திருக்கும் மெய்நிகர் விசைப்பலகைக்கு அதை வாங்கத் தெரியாது. தமிழ் எழுதுகருவி உள்ளே மட்டும் இயங்க வேண்டும், வெளியே அணைந்திருக்க வேண்டும். என்.எச்.எம். ரைட்டர் போன்ற கருவிகள் ஆல்ட்டோடு ஓர் எண் விசையைச் சேர்த்துத் தட்டினால் மொழி மாறுபவை. இரு பக்கமும் அதே கருவி இருந்தால் அந்தச் சேர்க்கை யாருக்குப் போகிறது என்பதே நிச்சயமில்லாமல் போகும்.

தமிழுக்கு எது இழப்பு?

ஒட்டிய ஷிஃப்டும் தொலைந்த ஷிஃப்டும் எல்லா மொழிக்கும் பொதுவான கோளாறுகள். தமிழில் அவற்றின் விளைவு, எந்த விசைப்பலகை முறையில் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

டெல்டாவின் ஆற்றுப் பெயர்களை வைத்தே பார்த்துவிடலாம். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, இவற்றோடு கல்லணை, திருவையாறு. அழைப்பிதழில் ஊர் முகவரி எழுதும்போது நாள்தோறும் வரும் பெயர்கள் இவை. ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டுகிறவருக்கு ண, ள, ற மூன்றும் ஷிஃப்டில் இருக்கின்றன. ஷிஃப்ட் இல்லாமல் அதே விசைகள் ன, ல, ர. ‘வெண்ணாறு’ என்று அடிக்கும்போது ஷிஃப்ட் தொலைந்தால் ‘வென்னாரு’ என்று விழும். ‘கல்லணை’ ‘கல்லனை’ ஆகும். ‘மணம்’ ‘மனம்’ ஆகும். ‘அறை’ ‘அரை’ ஆகும். கடைசி இரண்டும் உண்மையான தமிழ்ச் சொற்கள். மெய்ப்புப் பார்ப்பவரின் கண் அவற்றைத் தடையின்றிக் கடந்துபோகும். அச்சேறிய ஆயிரம் அழைப்பிதழில்தான் பிழை தெரியும்.

பழைய தட்டச்சுப் பொறி முறையின் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைகளை ஒழுங்குபடுத்தினார். அந்த வழியில் வந்த அமைப்பில்தான் தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்களின் விரல்கள் பழகியிருக்கின்றன. டெல்டா அச்சகங்களில் மூத்த தட்டச்சர்கள் பலர் இந்த வகையினர். இம்முறையில் ஒரு விசையின் மேல் கீழ் எழுத்துகள் ண-ன, ள-ல, ற-ர போன்ற ஒலியொத்த இணைகள் அல்ல. ஷிஃப்ட் தொலைந்தால் பெரும்பாலும் சொல் சிதைந்து, படிக்க முடியாத ஒன்றாக நிற்கும். உடனே கண்ணில் படும், உடனே திருத்தப்படும். எரிச்சல் அதிகம், ஆபத்து குறைவு.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 இந்த நோயிலிருந்து ஏறக்குறைய விடுபட்டது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். மெல்லினத்தை அடுத்து அதன் வல்லினம் வந்தாலும் அப்படியே. வ, எ, ண, ண, ஆ, ற, உ என ஏழு தட்டலில் ‘வெண்ணாறு’ வந்துவிடும், ஷிஃப்ட் ஒரு தடவைகூடத் தேவையில்லை. ‘தஞ்சை’ நான்கே தட்டல். ஷிஃப்டுக்கு வேலை ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும்தான். தஞ்சையில் ‘ராஜராஜன்’, ‘பிரகதீஸ்வரர்’ எழுதாமல் ஒரு வாரம் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஷிஃப்ட் தொலைந்தால் ‘ஜ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஊ’ வரும். அந்தப் பிழை ஒளிந்துகொள்ள முடியாது.

ஆகவே முதல் முடிவு: ஒட்டிய விசை சத்தம் போடும் கோளாறு, தொலைந்த விசை சத்தம் போடாத கோளாறு. தமிழ் அச்சுக்கு இரண்டாவதே பெரிய பகை, அதுவும் ஒலிப்பு முறைக்காரருக்கு. மெய்நிகர் மென்பொருளை மதிப்பிடும்போது ‘ஒட்டுகிறதா’ என்று மட்டும் பார்த்துவிட்டு விடுவது போதாது.

ஆல்ட்டுக்கும் தமிழில் தனி வேலை உண்டு. பழைய எழுத்துருக்களில் விசைப்பலகையில் இடம் கிடைக்காத சில வடிவங்களை ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண் பலகையில் நான்கு இலக்கம் தட்டித்தான் பெறவேண்டும். ஆல்ட் இடையில் நழுவினால் இலக்கங்கள் அப்படியே வரியில் விழும். நம்லாக் நிலை வெளியே ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருப்பது இன்னொரு குழப்பம். விண்டோஸின் இந்திய ஆங்கில விசைப்பலகையில் ரூபாய்க் குறி வலது ஆல்ட்டோடு 4 சேர்ந்தால் வரும். விண்டோஸ் வலது ஆல்ட்டை, சில அமைப்புகளில், இடது கண்ட்ரோலும் வலது ஆல்ட்டும் சேர்ந்ததாகக் காட்டும். மெய்நிகர் மென்பொருள் அந்தப் பொய்க் கண்ட்ரோலை அடையாளம் கண்டு நீக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அளவுகோல்கள்

இவற்றிலிருந்து நான்கு அளவுகோல்கள் தாமே எழுகின்றன. அழுத்தலும் விடுதலும் ஒரே இடத்துக்குப் போகின்றனவா? பக்க வடிவமைப்பு மென்பொருளின் சேர்க்கைகள் தடைபடாமல் உள்ளே போகின்றனவா? மெய்நிகர் சாளரத்தைவிட்டு வெளியேறும் விசை, வேலை செய்யும் விசைகளோடு மோதாமல் இருக்கிறதா? இந்த ஏற்பாட்டைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ள முடிகிறதா? மூன்றாவதுதான் மென்பொருள்களைப் பிரித்துக் காட்டும் அளவுகோல். விசைப்பலகையை முழுதாகக் கைப்பற்றும் எந்த மென்பொருளும், திரும்பி வெளியே வர ஒரு விசையை ஒதுக்கித்தான் ஆகவேண்டும். அது எந்த விசை என்பதில்தான் வடிவமைத்தவரின் அறிவு தெரிகிறது.

நிறுத்துப் பார்த்தால்

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 1999 முதல் இருப்பது. 2023-இல் பிராட்காம் கைக்கு மாறியது. 2024 நவம்பர் முதல் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். அதில் வெளியேறும் வழி கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்த அழுத்தல். அலுவலகக் கணக்காளருக்கு இது உறுத்தாது. பக்கம் வடிவமைப்பவருக்கு உறுத்தும். அடோபி மென்பொருள்களில் கண்ட்ரோல்-ஸ்பேஸ்பார் உருப்பெருக்கும், கூடவே ஆல்ட்டும் சேர்ந்தால் உருச்சுருக்கும். அந்த அசைவு பழகிய கைக்கு நினைக்காமலே வரும். கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திவிட்டு மனம் மாறி விரலை எடுத்தால் விசைப்பலகை வெளிக் கணினிக்குப் போய்விடும். போதாததற்கு கண்ட்ரோல்-ஆல்ட்-ஸ்பேஸ்பார் என்ற அதே சேர்க்கைக்கு விஎம்வேர் வேறொரு வேலை வைத்திருக்கிறது. கண்ட்ரோல்-ஆல்ட் கலந்த சேர்க்கையை உள்ளே அனுப்ப விரும்பினால் முதலில் அதை அழுத்தி, ஸ்பேஸ்பாரை மட்டும் விட்டுவிட்டு, மூன்றாவது விசையைத் தட்ட வேண்டும். உருச்சுருக்கும் கை அந்த வாசலில்தான் போய் முட்டும். வெளியேறும் சேர்க்கையை மாற்றலாம். ஆனால் தேர்வு கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், விண்டோஸ் விசைகளுக்குள்ளேயே சுற்றுகிறது. தட்டச்சரின் கைமுதலிலிருந்தே ஒரு பங்கைக் கேட்கும் ஏற்பாடு அது.

லினக்ஸில் விர்ட்-மேனேஜர் இடது கண்ட்ரோல், இடது ஆல்ட் இரண்டையும் வெளியேற வைத்திருக்கிறது. குறை அதேதான், மாற்றிக்கொள்ள வசதி உண்டு. லினக்ஸை வெளிக் கணினியாக வைப்பவர் ஒன்றைச் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஐபஸ் என்னும் மொழி மாற்றுக் கருவியின் பழைய பதிப்புகள் கண்ட்ரோல்-ஸ்பேஸ்பாரைத் தமக்கென்று பிடித்து வைத்திருந்தன. உருப்பெருக்க நினைத்தவருக்கு மொழி மாறும்.

ஹைப்பர்-வி விண்டோஸ் 8 முதல் புரோ பதிப்புகளில் கூடவே வருகிறது, ஹோம் பதிப்பில் வராது. அதன் எளிய முறையில் வெளியேற கண்ட்ரோல்-ஆல்ட்-இடது அம்பு. மூன்றாவது விசையும் வேண்டுமென்பதால் தற்செயலாக வெளியேறும் ஆபத்து குறைவு. இந்த ஒன்றில் அது விஎம்வேரைவிட மேல். ஆனால் விசைகளையும் ஒட்டுப்பலகையையும் வசதியாகப் பரிமாறும் மேம்பட்ட அமர்வு, விண்டோஸ் 8.1-க்கு முந்தைய உள் கணினிகளுக்குக் கிடையாது. எக்ஸ்பிக்காகவே இந்தப் பாடு என்பதால், நம் தேவைக்கு அது பந்தியில் உட்காரவில்லை.

மேக் கணினியில் பேரலல்ஸ் வேறு கொள்கை கொண்டது. மேக் பழக்கத்தில் கமாண்ட்-சி தட்டினால் அதைக் கண்ட்ரோல்-சி என்று மாற்றி உள்ளே அனுப்பும். மின்னஞ்சல் எழுதுகிறவருக்கு இது உதவி. தட்டச்சருக்கு இதில் நம்பிக்கை வைக்க முடியாது. சில சேர்க்கைகள் மாறும், சில மாறாது. எது எப்படி என்று விரல் நினைவில் கொள்ள முடியாது. விசையை மொழிபெயர்ப்பது மெய்நிகர் மென்பொருளின் வேலையே இல்லை, அது கொண்டுசேர்த்தால் போதும். தவிர, ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்கில் பழைய எக்ஸ்பி இயல்பான வேகத்தில் ஓடாது. டெல்டா அச்சகத்துக்கு இது ஏட்டளவிலான போட்டி.

மிச்சம் விர்ச்சுவல்பாக்ஸ். ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007-இல் திறமூலமாக வெளியிட்டு, 2008-இல் சன் வாங்கி, 2010-இல் ஆரக்கிளிடம் போய்ச் சேர்ந்தது. அதில் வெளியேற ஒரே விசை, வலது கண்ட்ரோல். தமிழ்99, தட்டச்சுப் பொறி, ஒலிப்பு என எந்த முறையும் வலது கண்ட்ரோலைத் தனியே கேட்பதில்லை. இடது கையின் கண்ட்ரோல்-ஆல்ட் சேர்க்கைகள் எல்லாம் தடையின்றி உள்ளே போகின்றன. கொள்கையளவில் இதுவே சரியான திசை.

அதற்காக இதைக் குறையற்றது என்று விட்டுவிட முடியாது. வலது கண்ட்ரோலோடு இன்னொரு விசை சேர்ந்தால் அது மெய்நிகர் கணினிக்கே கட்டளையாகிவிடும். அச்சிடுவதற்காக வலது கையாலேயே கண்ட்ரோல்-பி தட்டுகிற பழக்கம் உள்ளவர், தாள் வருவதற்குப் பதில் கணினியே உறைந்து நிற்பதைப் பார்ப்பார். வலது கண்ட்ரோல்-பி அங்கே இடைநிறுத்தக் கட்டளை. வலது கண்ட்ரோல்-சி நகலெடுக்காது, காட்சியின் அளவை மாற்றிவிடும். இரண்டாவது குறை புதியது. 2024 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கோபைலட் விசை, பல மடிக்கணினிகளில் வலது கண்ட்ரோல் இருந்த இடத்தையே பிடித்துக்கொண்டது. அந்த விசை அனுப்புவது இடது ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 மூன்றும் சேர்ந்த ஒரு கட்டு. வெளியேற ஒரு விசை போனது ஒருபுறம். கை தவறிப் பட்டால் வேண்டாத ஷிஃப்ட் வரும் சூழலும் உருவாகிவிட்டது.

ஆனால் விர்ச்சுவல்பாக்ஸைத் தனியே நிறுத்துவது நான்காவது அளவுகோல். வெளியேறும் விசையை மாற்றி விசைகளின் குடும்பத்துக்கு வெளியே கொண்டுபோக அது இடம் கொடுக்கிறது. ஸ்க்ரோல்லாக்கை வைக்கலாம், எஃப்12 போன்ற ஒன்றையும் வைக்கலாம். பேஜ்மேக்கரிலோ தமிழ் எழுதுகருவியிலோ ஸ்க்ரோல்லாக்குக்கு வேலை இல்லை. அதை ஒதுக்கிவிட்டால் இரண்டு கண்ட்ரோலும், இரண்டு ஷிஃப்டும், இரண்டு ஆல்ட்டும் முழுதாகத் தட்டச்சருக்கே சொந்தம். மேலே சொன்ன முதல் குறை அதோடு தீர்கிறது. இரண்டாவதில் வெளியேறும் விசைச் சிக்கல் தீரும், கோபைலட் விசையில் கை தவறிப் படும் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

ஓர் எதிர்வாதம்

இத்தனை பாடு எதற்கு, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசே 2010 ஜூனில் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. அடோபியின் இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பிலிருந்தே இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி உண்டு. புதிய வேலையைப் பழைய எழுத்துருவில் தொடங்க இன்று ஒரு காரணமும் இல்லை. பழைய கோப்புகளுக்கு இந்த வாதம் முழுதாகப் பொருந்தாது. எழுத்துரு மாற்றிகள் சொற்களை மாற்றித் தந்துவிடும். வரி முறிவு, பத்தி அகலம், பூ வேலைப்பாட்டோடு ஒட்டிய இடைவெளி எல்லாம் குலையும். நானூறு பக்க நூலை மறுபதிப்பு போடுகிறவருக்கு அது புதிதாகக் கோப்பதற்குச் சமம். பத்து ஆண்டுக்கு முந்தைய அழைப்பிதழில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றித் தரச் சொல்லி நாளைக்கே கேட்கிறவருக்கும் அது பதிலாகாது. சம்பா அறுவடை முடிந்த தை, மாசி முகூர்த்த நெருக்கடியில் அப்படிக் கேட்பவர்கள்தான் அதிகம். மெய்நிகர் கணினிக்கு நியாயம் இந்த எல்லைக்குள்தான், இதற்கு வெளியே இல்லை. ஆதரவற்ற எக்ஸ்பிக்கு இணைய இணைப்பைத் துண்டித்து வைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

தீர்ப்பு

இயல்பான அமைப்பிலேயே ஒப்பிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் முதலிடம், விஎம்வேரும் விர்ட்-மேனேஜரும் அடுத்து, ஹைப்பர்-வியும் பேரலல்ஸும் இந்தத் தேவைக்குப் புறம்பானவை. முதலிடத்துக்கு நிபந்தனை உண்டு. வெளியேறும் விசையை ஸ்க்ரோல்லாக்குக்கோ பயன்படாத எஃப் விசைக்கோ மாற்றாதவரை அந்த வெற்றி மயிரிழையில்தான். மாற்றிவிட்டால் போட்டிக்கே ஆளில்லை. விஎம்வேரை ஏற்கெனவே நிறுவிப் பழகிவிட்டவர் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வெளியேறும் சேர்க்கையில் ஷிஃப்டையோ விண்டோஸ் விசையையோ கூட்டிக்கொண்டால் தற்செயல் வெளியேற்றமாவது குறையும்.

எந்த மென்பொருளானாலும் ஒட்டிய விசையைத் தீர்க்க, ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆறையும் உள் சாளரத்தில் ஒருமுறை தட்டி எடுத்தால் பெரும்பாலும் போதும். தொலைந்த விசையைத் தீர்க்க மென்பொருளால் முடியாது. தட்டும் முறைதான் அதைத் தீர்க்கும். ஒலிப்பு முறையில் தட்டுகிற இளைய தட்டச்சர், மெய்நிகர் கணினிக்குள் வேலை செய்யப் போகிறாரென்றால் அதற்கு முன் தமிழ்99-க்கு மாறிவிட வேண்டும். மாறாதவரிடம் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் கோக்கக் கொடுத்தால், ண, ள, ற மூன்றையும் தனியே ஒருமுறை சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.